முதல் பேஸ் ஆன்டெனா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்குகள்

அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற புதிதில் செட் (அனுப்பவும் கேட்கவுமான வானொலிப் பெட்டி) வாங்குவது எளிது. எத்தனை வாட், எந்தெந்த பேண்ட் (அதிர்வெண் வரிசை) என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் நிலையாக நிறுத்தும் பேஸ் ஆன்டெனா என்று வரும்போதுதான் ஆளுக்கொரு பேச்சு. 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்பார் ஒருவர். கண்ணாடியிழைக் குழாயில் வரும் வெர்டிகல்தான் (செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா) சரி என்பார் இன்னொருவர். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் உண்டாக்கும் ட்யூனர் மட்டும் இருந்தால் எந்தக் கம்பியும் வேலை செய்யும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். அவரவர் நிலையத்துக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கும். பயன்படுத்தும் பேண்ட், வீட்டின் அமைப்பு, எட்ட நினைக்கும் தூரம் ஆகியவை மாறும்போது விடையும் மாறிவிடுகிறது.

கையிலிருக்கும் பணத்தை முதலில் உயரத்துக்கும் கேபிளுக்கும் ஒதுக்க வேண்டும், மிச்சத்தில் ஓர் எளிய முழு அளவு ஆன்டெனாவை வைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## கம்பியின் நீளம் எங்கிருந்து வருகிறது

வானொலி அலை ஒளியின் வேகத்தில் போகிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 42 மீட்டர், 145 மெகாஹெர்ட்ஸுக்கு 2 மீட்டர் சொச்சம். 40 மீட்டர் பேண்ட், 2 மீட்டர் பேண்ட் என்ற பெயர்கள் இப்படி வந்தவைதான்.

அலைநீளத்தில் பாதி அளவுள்ள கம்பி அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. அதை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளுக்கும் கேபிளின் இரு கடத்திகளை இணைத்தால் டைபோல். 1880களில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தன் சோதனைகளில் பயன்படுத்தியதும் இந்த இரு கை அமைப்புதான். கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் உண்மையில் தேவைப்படும் நீளம் சற்றுக் குறையும். அதனால் 150ஐ வகுப்பதற்குப் பதில் 143ஐ வகுப்பது வழக்கம்.

- 7.1 மெகாஹெர்ட்ஸ்: மொத்தம் 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல்
- 14.2 மெகாஹெர்ட்ஸ்: மொத்தம் 10.1 மீட்டர்
- 145 மெகாஹெர்ட்ஸ்: மொத்தம் 99 சென்டிமீட்டர்

பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியானால் இதிலும் சில சதவீதம் குறையும். வெட்டும்போது சற்று நீளமாகவே விட்டுவைப்பது அதனால்தான்.

அடுத்தது மின்மறுப்பு, அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் எதிர்ப்பு. தரையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் டைபோலின் நடுவில் அது சுமார் 73 ஓம். வீட்டுக்கு மேலே கட்டும் உயரங்களில் கூடவும் குறையவும் செய்யும். இரு கைகளையும் தாழ்த்தி, தலைகீழ் 'வி' வடிவில் கட்டினால் 50 ஓமுக்கு அருகில் வந்துவிடும். செட்டும் கோஆக்ஸியல் கேபிளும் 50 ஓமுக்குச் செய்யப்பட்டவை. இந்தப் பொருத்தம் கெடும்போது சக்தியில் ஒரு பங்கு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது. அந்த அளவைச் சொல்வதுதான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5 காட்டினால் திரும்புவது 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். 1.5ஐ 1.1 ஆக்குவதற்காக நாள் முழுக்க ஏறி இறங்குபவர்கள் உண்டு. அந்த 4 சதவீதத்தை எதிர்முனையில் இருப்பவர் காதால் கண்டுபிடிக்கவே முடியாது.

## யாரோடு பேசப் போகிறீர்கள்?

மாடலைத் தேடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

1. ஊரும் சுற்றுவட்டாரமும், ரிப்பீட்டர் (கேட்பதை உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாக: 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகள், எஃப்.எம். பேச்சு. இங்கே அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. ரிப்பீட்டர்களும் வாகன ஆன்டெனாக்களும் செங்குத்தாக நிற்பதால் உங்களுடையதும் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால், நேர்வழியில் வரும் சமிக்ஞை 20 டெசிபல் அளவுக்கு, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம்.

2. சில நூறு கிலோமீட்டர்: 40 மீட்டர் பேண்ட், பகல் நேரம். அலை கிட்டத்தட்ட நேர்மேலாகப் போய், அயனி மண்டலத்தில் திரும்பி, குடைபோலச் சுற்றிலும் இறங்குகிறது. மலை, கட்டடம் எதுவும் இதற்குத் தடையில்லை.

3. கண்டம் தாண்டி: 20, 15, 10 மீட்டர் பேண்டுகள். அலை தாழ்ந்த கோணத்தில் அடிவானத்தை ஒட்டிக் கிளம்பினால்தான் ஒரே தாவலில் அதிக தூரம் போகும்.

மூன்றையும் ஒரே கம்பியில் நன்றாகச் செய்ய முடியாது. ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு, மற்றவை வந்தவரை லாபம் என்றிருப்பதே நடைமுறை. சூரியனின் நிலையும் இதில் உண்டு. சூரியப்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. இப்போதைய 25ஆம் சுழற்சி 2024இல் உச்சம் தொட்டது. சுழற்சி இறங்க இறங்க 10 மீட்டர் பேண்ட் திறக்கும் நாட்கள் குறையும். அந்த ஒரு பேண்டை மட்டும் நம்பி முதல் ஆன்டெனாவைத் தேர்வது புத்திசாலித்தனமல்ல. 20, 40 மீட்டர் பேண்டுகள் எந்த ஆண்டிலும் சோறு போடும்.

## உயரம் செய்யும் வேலை

2 மீட்டர் பேண்டில் உயரத்தின் மதிப்பை ஒரு வரிக் கணக்கில் பார்த்துவிடலாம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். இரு நிலையங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

கையில் பிடித்த செட், 1.5 மீட்டர் உயரம்: 5 கிலோமீட்டர். எதிரிலும் அப்படியே என்றால் மொத்தம் 10. ஒருவர் மட்டும் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 18. இருவரும் ஏற்றினால் 26. உங்களுடையது 10 மீட்டரில் இருக்க, எதிரில் இருப்பது, சுற்றியுள்ள நிலத்தைவிட 400 மீட்டர் உயர்ந்த குன்றின் மேலுள்ள ரிப்பீட்டரானால் 95 கிலோமீட்டர்வரை வழி திறக்கிறது. சமவெளிக்கான கணக்கு இது. நடுவில் மலையோ உயர்ந்த கட்டடங்களோ வந்தால் குறையும். 5 வாட்டை 50 வாட்டாக ஏற்றினால் கிடைப்பது 10 டெசிபல், சமிக்ஞையின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் இரண்டு கோடுகூட முழுதாக ஏறாது. அதோடு, கூடுதல் வாட் அனுப்புவதற்கு மட்டுமே உதவும், உயரமோ கேட்பதற்கும் உதவும்.

எச்.எஃப். பேண்டுகளில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்வரை) உயரத்தை அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தரை ஒரு கண்ணாடிபோல் செயல்பட்டு, நேரே போகும் அலையோடு எதிரொலித்த அலையைக் கூட்டவும் கழிக்கவும் செய்கிறது. டைபோல் கால் அலைநீளத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பகுதி மேலே போகும். அரை அலைநீள உயரத்தில் 30 பாகைக்கு அருகில் சாயும். 10 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பி என்றால், 20 மீட்டர் பேண்டுக்கு அது அரை அலைநீளம், தூர தேசத்துக்குப் போதுமான உயரம். அதே கம்பம் 40 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைநீளம்தான், சுற்றுவட்டாரப் பேச்சுக்கு வாகு. தாழக் கட்டிய 40 மீட்டர் டைபோலைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அதனிடம் தவறான வேலையைக் கேட்டவர்கள்.

## கேபிள் தின்பதும், மீட்டர் மறைப்பதும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே 30 மீட்டர் கேபிள், பேண்ட் 2 மீட்டர், செட் தருவது 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக மேலே போய்ச் சேர்வது:

- ஆர்.ஜி.-58 (மெல்லியது): 6 டெசிபல் இழப்பு, ஏறக்குறைய 12 வாட்
- ஆர்.ஜி.-213 (விரல் பருமன்): 2.7 டெசிபல் இழப்பு, 27 வாட்
- எல்.எம்.ஆர்.-400 வகை: 1.5 டெசிபல் இழப்பு, 35 வாட்

70 சென்டிமீட்டர் பேண்டில் அதே ஆர்.ஜி.-58 சுமார் 11 டெசிபலை விழுங்கும். 50 வாட்டில் மேலே மிஞ்சுவது 4 வாட். 7 மெகாஹெர்ட்ஸிலோ அதே கேபிளில் 1 டெசிபல் அளவுக்குத்தான் இழப்பு, 40 வாட் போய்ச் சேரும். எச்.எஃப். டைபோலுக்கு மெல்லிய கேபிள் போதும், வி.எச்.எஃப். (2 மீட்டர் பேண்ட் உள்ள வரிசை) ஆன்டெனாவுக்குப் போதாது என்பதற்கு இதுவே காரணம். கேட்கும் பக்கத்திலும் இப்படித்தான். எச்.எஃப்.பில் வானத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வரும் இரைச்சலே அதிகம் என்பதால் கேபிளில் 1, 2 டெசிபல் போனாலும் கேட்பது கெடாது. வி.எச்.எஃப்.பில் கேபிளில் போனது போனதுதான்.

இந்த இழப்பு மீட்டரையும் பொய் சொல்ல வைக்கிறது. 2 மீட்டர் பேண்டில் அந்த ஆர்.ஜி.-58 வழியே செட்டிலிருந்து கிளம்பும் சக்தி மேலே போகும்போது 6 டெசிபல் குறைகிறது. ஆன்டெனாவில் மோதித் திரும்புவது கீழே வரும்போது இன்னொரு 6 டெசிபல் குறைகிறது. கீழே இருக்கும் மீட்டர் பார்ப்பது 12 டெசிபல் குறைந்துபோன எதிரொலியை. ஆன்டெனா காற்றில் கழன்று விழுந்து, கேபிளின் மேல்முனை வெறுமனே தொங்கினாலும் மீட்டர் காட்டுவது 1.7தான். பார்ப்பவர் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வார்.

50 ஓம் டம்மி லோடு என்று ஒரு கருவி உண்டு. வெறும் மின்தடை, எதையும் ஒலிபரப்பாமல் வெப்பமாக்கும். அதன் எஸ்.டபிள்யூ.ஆர். 1. எவ்வளவு சக்தி திரும்பவில்லை என்பதைத்தான் மீட்டர் சொல்கிறது, எவ்வளவு அலையாக வெளியேறியது என்பதை அல்ல. 'எல்லா பேண்டிலும் 1.5க்குக் கீழ்' என்று விற்கப்படும் குட்டை ஆன்டெனாக்களைப் பார்க்கும்போது, உள்ளே மின்தடையோ இழப்பு மிகுந்த மின்மாற்றியோ இருக்கிறதா என்ற சந்தேகம் வரத்தான் வேண்டும்.

ட்யூனரையும் இங்கேயே பார்த்துவிடலாம். செட்டின் பக்கத்தில் இருக்கும் ட்யூனர், செட்டுக்கு 50 ஓம் தெரியும்படி செய்கிறது. கேபிளிலும் ஆன்டெனாவிலும் நடப்பதை அது மாற்றுவதில்லை. செட்டுக்குள்ளேயே வரும் ட்யூனர்கள் பொதுவாக 3 என்ற எஸ்.டபிள்யூ.ஆர். வரைதான் தாங்கும். பேண்டின் ஓரங்களைச் சமாளிக்க அது நல்ல கருவி. எந்தக் கம்பியையும் ஆன்டெனாவாக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

## 'கெயின்' விளம்பரத்தைப் படிக்கும் முறை

ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து எடுத்து இன்னொரு பக்கம் கொடுக்கிறது. கெயின் எனப்படும் அந்தக் கூடுதலை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டால் டிபிஐ, டைபோலோடு ஒப்பிட்டால் டிபிடி. இரண்டுக்கும் வித்தியாசம் 2.15. விளம்பரத்தில் வெறுமனே 'டிபி' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

வெர்டிகல் ஆன்டெனாவில் ஏமாறாமலிருக்க நீளத்தைப் பார்த்தால் போதும். அரை அலைநீளக் கம்பி 2.15 டிபிஐ தரும், 2 மீட்டர் பேண்டில் அது 1 மீட்டர் குழாய். நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட 3 டெசிபல் கூடலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆக, 1.2 மீட்டர் குழாயில் 2 மீட்டர் பேண்டுக்கு '9 டிபி' என்று எழுதியிருந்தால் அது எழுதியவரின் ஆசை. அதிக கெயின் எப்போதும் நல்லதும் அல்ல. வெர்டிகலில் கெயின் என்றால் அலையை அடிவானத்தை நோக்கித் தட்டையாக்குவது. பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு பக்கத்துக் குன்றின் உச்சியிலுள்ள ரிப்பீட்டரோடு பேசுபவருக்குச் சாதாரண கால் அலைநீள ஆன்டெனாவே மேல்.

## முதல் ஆன்டெனாவாகத் தகுதியுள்ளவை

1. கால் அலைநீள கிரவுண்ட் பிளேன், 2 மீட்டர் பேண்டுக்கு. நடுவில் 49 சென்டிமீட்டர் கம்பி, கீழே அதைவிடச் சற்று நீளமாக நான்கு ரேடியல் கம்பிகள். ரேடியல்களை 45 பாகை கீழே சாய்த்தால் மின்மறுப்பு 50 ஓமை எட்டும். ஒரு கனெக்டரும் ஐந்து கம்பியும்தான் செலவு என்பதால் மிச்சப் பணம் நல்ல கேபிளுக்குப் போகிறது. ரிப்பீட்டர் மட்டுமே நோக்கம் என்றால் இதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை.

2. ஜே-போல். 2 மீட்டர் பேண்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், ரேடியல் தேவையில்லை. வானூர்திக் கப்பல்களில் பின்னால் தொங்கவிட்ட செப்பலின் ஆன்டெனாவின் வம்சம். அடியில் ஒரு சோக் (கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) சேர்க்காவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

3. இரட்டை பேண்ட் கண்ணாடியிழை வெர்டிகல். 2 மீட்டரும் 70 சென்டிமீட்டரும் வேண்டும், தானே செய்ய விருப்பமில்லை என்பவருக்கு. வாங்குபவர் கேபிளையும் அதற்கு ஏற்றதாக வாங்க வேண்டும். நல்ல ஆன்டெனாவும் மலிவுக் கேபிளும் சேர்ந்தால் முதலாவதற்குக் கொடுத்த பணம் இரண்டாவதில் வெப்பமாகிப் போகும்.

4. எச்.எஃப். டைபோல். 20 மீட்டர் நீள இடம் இருந்தால் 40 மீட்டர் பேண்டுக்கு இதைவிட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நேர்கோடாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முனைகளைக் கொஞ்சம் மடக்கித் தொங்கவிடலாம், ஒரே கம்பம் இருந்தால் தலைகீழ் 'வி' ஆக்கலாம். மூன்று மடங்கு அதிர்வெண்ணிலும் ஒத்ததிர்வதால் 15 மீட்டர் பேண்ட் கிட்டத்தட்ட இலவசமாக வருகிறது.

5. முனையில் ஊட்டும் அரை அலைநீளக் கம்பி. இப்போது பரவலாகப் பேசப்படுவது இதுவே. கம்பியின் நுனியில் மின்மறுப்பு சில ஆயிரம் ஓம் இருப்பதால் 49:1 மின்மாற்றி வழியாகக் கேபிளோடு இணைக்கிறார்கள். 20 மீட்டர் கம்பி 40, 20, 15, 10 ஆகிய நான்கு பேண்டுகளிலும் வேலை செய்யும். ஜன்னலருகே ஒரு முனை, மரத்தில் மறுமுனை என்று கட்டிவிடலாம். வசதிக்கு விலை உண்டு. எதிர்ப்பக்கம் இணைக்கத் தனிக் கம்பி இல்லாததால் கேபிளின் வெளியுறையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிறது. அனுப்பும்போது மைக்கைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு, கேட்கும்போது வீட்டின் எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எழுப்பும் இரைச்சல் என்று இரண்டு தொல்லையும் அந்த வழியாகவே வரும். ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிச் சோக் போட்டால் பெருமளவு தீரும்.

6. எச்.எஃப். வெர்டிகல். கிடைமட்டமாக இழுக்க இடமில்லாதவருக்கு. தாழ்ந்த கோணத்தில் வீசும் என்பது இதன் பலம், தரையில் ரேடியல் கம்பிகள் விரிக்க வேண்டும் என்பது பாரம். 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. ரேடியல் இல்லாமல் நட்டால் சக்தியில் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்கும்.

அலையை ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆன்டெனாவை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1920களில் ஜப்பானில் உருவாக்கிய அந்த வடிவம் இன்றும் மிகச் சிறந்தது. ஆனால் சுழற்றும் மோட்டாரும் கனமான கம்பமும் கேட்கும். தூரத்திலுள்ள ஒரே ரிப்பீட்டரை நோக்கி நிலையாக வைப்பதானால் மட்டும் முதல் ஆன்டெனாவாக யோசிக்கலாம். சிறிய காந்தச் சுருள் ஆன்டெனா பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு உதவும். அதன் மின்தேக்கியில் சில ஆயிரம் வோல்ட் ஏறும், அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றினாலும் மறுபடி திருக வேண்டும்.

## மின்கம்பி, மின்னல், மனித உடல்

கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். கம்பத்தின் உயரத்தையும் ஆன்டெனாவின் நீளத்தையும் கூட்டி, அதற்கு மேலும் இடைவெளி விட வேண்டும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாக் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் இழுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் சமரசத்துக்கு இடமில்லை. இதில் உயிரிழந்தவர்கள் உண்டு.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைத்து, அதைத் தரையிணைப்புக் கம்பியோடு சேர்க்க வேண்டும். அந்தத் தரையிணைப்பு வீட்டின் மின்சாரத் தரையிணைப்போடும் தடித்த கடத்தியால் இணைந்திருக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அது செட்டின் வழியாகத்தான் பாயும். நேரடி மின்னலை இவை தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இடி முழங்கும் நாளில் கேபிளைக் கழற்றி வெளியே வைப்பது பழைய பழக்கம், இன்றும் பொருந்தும். அனுப்பும்போது ஆன்டெனாவை யாரும் தொட முடியாத உயரத்தில் வைப்பதும் அவசியம், கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் அதிகம்.

## ஏற்றிய பிறகு

ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று அளக்கும் அனலைசர் இரவலாகவாவது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குறைந்த சக்தியில், பேண்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். குறித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் குறைந்தும் முடிவில் கூடியும் இருந்தால் கம்பி நீளம். மறுதலையாக இருந்தால் குட்டை. எவ்வளவு குறைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. 20.1 மீட்டர் கம்பி 6.9 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, நமக்கு வேண்டியது 7.1 என்றால், 20.1ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 19.53. மொத்தம் 57 சென்டிமீட்டர், ஒரு கைக்கு 28 சென்டிமீட்டர் சொச்சம் குறைக்க வேண்டும். வெட்டத் தேவையில்லை. முனையை மடக்கி, அதே கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினாலே நீளம் குறைந்த கணக்குதான். உறையுள்ள கம்பியில் மடக்கினால் முழுக் குறைப்பும் தெரியாது, அதனால் ஒருமுறை மடக்கியதும் மறுபடி அளந்து பார்த்துவிட்டு அடுத்த மடிப்புக்குப் போக வேண்டும்.